மலைமேல் மலை

செனோக்கோவில் எங்கள் குளிர்க்கிடங்கு.
மைனஸ் இருபதில் மீனும் மாட்டிறைச்சியும் உறங்கும்.
உள்ளே நாற்பது நிமிடம்தான் நிற்கலாம்,
பிறகு வெளியே வந்து கால்மணி நேரம்
மனிதராக வேண்டும்.
எல்லாரும் கடிகாரம் பார்ப்போம்.
ஷூலான் பார்ப்பதில்லை.

யாருக்கும் வேண்டாத உட்குளிர் வேலையைத்
தனக்கெனக் கேட்டு வாங்குவாள்.
வயது நாற்பத்தொன்பது. ஊர் முடான்ஜியாங்.
"அங்கே இதைவிடக் குளிரும்" என்பாள்,
பிறந்த வீட்டுச் சொத்தைச் சொல்வதுபோல.

இப்போது உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்களாம்,
நடுராத்திரியில் கழுத்து நனைந்து எழுகிறாளாம்.
கணவர் கிம் ஹுவாட் ஏர்கான் பழுதுபார்ப்பவர்.
தீவு முழுக்க
அடுத்தவர் படுக்கையறைகளைக் குளிரவைத்துவிட்டு
யீஷூன் மூவறை வீட்டுக்கு வந்து
மின்விசிறியை இரண்டில் வைத்துத் தூங்குகிறார்.
பில் ஏறிவிடும்.

கெட்டவர் இல்லை என்பாள், நான் கேட்காமலே.
டுரியான் பருவத்தில் பழம் பிளந்து
நல்ல சுளையை இவள் தட்டில்தான் வைப்பாராம்.
அந்த வாடை தனக்கு ஆகாதென்று சொல்ல
இருபத்திரண்டு வருடமாக
ஒரு நல்ல சமயம் வாய்க்கவில்லை.
முதல் வருடமே சொல்லியிருக்கலாம்.

நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய்,
மீதி கையுறை.

ஒருநாள் ஃபோர்க்லிஃப்டைத் திருப்பும்போது பார்த்தேன்:
கானாங்கெளுத்திப் பெட்டிகளைச் சுற்றிய பிளாஸ்டிக்கில்
படிந்த உறைபனிமேல்
விரலால் ஒரே எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.
மலைமேல் மலையைத் தூக்கிவைத்தது போலிருந்தது.
ஓர் ஆணின் பெயர் என்று நினைத்தேன்.
ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள்,
எனக்கு வயது ஐம்பத்தொன்று.

அந்தப் பெயர்க்காரனை ஒரு மாதம் வளர்த்தேன்.
உயரம் கொடுத்தேன். ரயில்வேயில் வேலை கொடுத்தேன்.
உறைந்த ஆற்றில் அவளைச் சறுக்க அழைத்துப்போனான்.
கொஞ்சம் பொறாமையும் பட்டேன்,
பக்கத்தில் செண்பகம் தூங்கும்போது.

தீ ஒத்திகை நாளில்
எல்லாரும் வரிசையாகப் படியிறங்கினோம்.
நான்கு மொழியிலும் எழுதிய பழைய பச்சைப் பலகையில்
அவனைக் கண்டேன்.
மலைமேல் மலை.
கீழே, கடைசி வரியில், என் தமிழ்:
வெளியே செல்லும் வழி.

கோப்பி நேரத்தில் கேட்டேவிட்டேன்.
சிரித்தாள்.
ஆமாம், வெளியே போவதுதான்.
ஆனால் பக்கத்தில் இன்னோர் எழுத்து வந்தால்...
மேசையில் சிந்திய கோப்பியைத் தொட்டு எழுதினாள்,
ஒரு பெண், அவளை ஒட்டி ஒரு வீடு.
வந்தால், கல்யாணம்.
பெண்ணுக்கு மட்டும். ஆணுக்கு வேறு சொல்.
அதைத்தான் எழுதத் தொடங்குகிறாளாம் தினமும்,
இரண்டாவது எழுத்துக்குள் மணி அடித்துவிடுகிறதாம்.

எங்களில் அதைப் புகுந்த வீடு என்போம், என்றேன்.
வெளியே இல்லை, உள்ளே.
கோப்பி ஆறும்வரை யோசித்தாள்.
"புகுந்த பிறகு கதவை யார் சாத்துவது?"
இருந்த மொழியெல்லாம் துழாவினேன்,
கையுறை உட்பட.

வீட்டில் செண்பகம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
துறையூரிலிருந்து வந்தவள், வந்து பத்தொன்பது வருடம்.
எங்கிருந்து புகுந்தாள் என்பது தெரியும்,
எதிலிருந்து வெளியேறினாள் என்று கேட்டதில்லை.
"உனக்குப் பிடிக்காதது
நான் ஏதாவது செய்கிறேனா?"
"எந்த வருஷத்திலிருந்து சொல்ல?" என்றாள்,
என் சட்டையின் கைகளை உள்ளே மடித்தபடி.

எழுந்துபோய்
இரண்டில் ஓடிய விசிறியை மூன்றில் வைத்தேன்.

"குளிருது" என்றாள்.